பதினொரு குழாய் ஆமை

ஊதாங்குழலுக்கு என்று எடுத்து வைத்திருந்த குழாயின் மூடியை அய்யம்மாள் அரிவாள் முனையால் நெம்பிக்கொண்டிருந்தாள். காலை ஏழரை மணி. விருதுநகர் பழைய பிளாஸ்டிக் குடோனில் இன்றைக்கு வேலை கிடையாது. முதலாளி ஃபரீத் பாயின் மனைவி ஹஸ்னா, கடல் ஒதுக்கிய குப்பையைக் கொண்டே கட்டிய ஆமை, சூலக்கரை மண்டபத்தில் நடக்கும் மகளிர் குழுக் கண்காட்சிக்கு விடியுமுன்பே மினி லாரி ஏறிப் போய்விட்டது. பத்து மணிக்குத் திறப்பு விழா. "கட்டாயம் வரணுங்கக்கா" என்று ஹஸ்னா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்தான். அதிகாரிகளும் மாலைகளும் வருகிற இடத்தில் நமக்கென்ன ஜோலி என்று இவள் தன் ஊரான விஸ்வநத்தத்திலேயே இருந்துவிட்டாள். இருந்ததுதான் இருந்தாள், சும்மா இருந்தாளா? ஆமைக்குப் போக மிஞ்சிய ஒரு குழாயைச் சீலைக்குள் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். முழ நீளம், கைக்கு அடக்கம், மெல்லிய தகடு. இரண்டு முனையையும் எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் அடுப்பூதலாம் என்று கணக்கு.

மூடி தெறித்து விழுந்தது. உள்ளே ஒரு அட்டை வில்லை. அதையும் குத்தி எடுத்தாள். அதற்கடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. கடல் சேறு, உப்போடு சேர்ந்து கெட்டித்துவிட்டது என்று நினைத்து நகத்தால் சுரண்டினாள். சுரண்டியது விரலில் ஒட்டியது. பழக்கதோஷத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தானாகச் சேர்ந்து அதை உரசின. விரல் நுனியில் வெள்ளி பூத்தது.

அய்யம்மாள் சுரண்டுவதை நிறுத்தினாள். பத்து வருஷம் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி வாணத்துக்கு மருந்து அடைத்த விரல்கள் அவை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த வெள்ளியை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். மருந்துதான். வெறும் மருந்தில்லை, மிஷினில் வைத்து அமுக்கிய மருந்து.

அவள் குழாயை மெதுவாக, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போலத் தரையில் கிடத்தினாள். மறுமுனை மூடி திருகு மூடி. அதை அவள் நேற்றே கழற்றிப் பார்த்திருந்தாள். உள்ளே ஒரு சின்ன வளையம், அதில் கோத்த நூல் குழாய்க்குள் இறங்கியிருந்தது. நேற்றைக்கு அது வெறும் வளையம். இப்போது குனிந்து பார்த்தாள். நூல் இறங்கும் துளையைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு பூச்சு. சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீசில் பெட்டிக்குப் பக்கம் தடவிய அதே பூச்சு மாதிரி இருந்தது. வளையத்தை இழுத்தால் நூல் உரசும். உரசினால் பற்றும். தீக்குச்சி வேண்டாம், நெருப்பு வேண்டாம், இழுத்தால் போதும்.

குழாயின் மேல் பாதி அழிந்துபோன ஒரு படம் இருந்தது. ஒரு கை, கைக்குள் ஒரு குழாய், குழாயின் உச்சியில் கோடுகோடாக ஏதோ. டார்ச் லைட்டு விளம்பரம் என்றுதான் அவளும் ஹஸ்னாவும் பேசிக்கொண்டார்கள். இப்போது பார்த்தால் அந்தக் கோடுகள் தீ. நடுக்கடலில் மாட்டிக்கொண்ட கப்பல்காரன், இங்கே இருக்கிறேன் வந்து காப்பாற்றுங்கள் என்று கையில் பிடித்துக் கொளுத்துகிற மத்தாப்பு. சிவகாசிக்காரிக்கு ஒரு மத்தாப்பை அடையாளம் தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இதே மாதிரி பன்னிரண்டு குழாய்கள் வேம்பாரிலிருந்து வந்த ஒரே சாக்கில் இருந்தன. ஒன்று இங்கே. மற்ற பதினொன்றும் ஆமைக்குள்.

சாக்கைப் பிரித்ததும் அய்யம்மாள்தான், குழாய்களைச் சோதித்துக் கொடுத்ததும் அய்யம்மாள்தான். "உள்ள ஒண்ணும் இல்லையேக்கா?" என்று ஹஸ்னா கேட்டபோது, ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துக் குலுக்கினாள். கம்பெனியில் அப்படித்தான் பார்ப்பார்கள். மருந்து இருந்தால் சரசரக்கும், காலி என்றால் சத்தம் இருக்காது. பன்னிரண்டும் மூச்சுக் காட்டவில்லை. கனமாக இருந்தது வாஸ்தவம். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. "உப்புத்தண்ணி ஊறின கனம் தாயி, வெறுங்குழாய்தான், பயப்படாம கட்டுங்க." நிறைகுடம் தளும்பாது என்று ஊரே சொல்லுகிற வசனம் அந்த நேரம் பார்த்து இவளுக்கு மறந்து தொலைந்தது.

வேம்பார், மூக்கையூர் பக்கத்துக் கரையில் ஒதுங்குகிற பிளாஸ்டிக்கை அந்த ஊர்ப் பெண்கள் பொறுக்கிச் சாக்கில் கட்டி அனுப்புவார்கள். ஃபரீத்தின் வாப்பா அசன் முகம்மது காலத்திலிருந்தே அந்த வியாபாரம் உண்டு. அறுந்த செருப்பு, உடைந்த மிதவை, இத்துப்போன வலைக்கயிறு, எந்த நாட்டுக்காரனோ குடித்துப் போட்ட புட்டி எல்லாம் குடோனுக்கு வந்து, தரம் பிரிந்து, அரைபடப் போகும். கல்யாணமாகி வந்த ஹஸ்னா ஒருநாள் மதியச் சோறு கொடுக்க வந்தவள், ஒரு வெள்ளைச் செருப்பைக் கையில் எடுத்தாள். மறுநாள் அது கொக்காக நின்றது. அப்புறம் நண்டு, அப்புறம் சேவல். "வீட்டுப் பொம்பள குப்பையில கெடக்கா" என்று மாமனார் இரண்டு வருஷமாக அவளோடு சரியாகப் பேசுவதில்லை. அந்த மாமனார்தான் இன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆமையைப் பார்க்க வருகிறார். இதைச் சொல்லும்போது ஹஸ்னாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாலு மாசம் கட்டிய ஆமை. முதுகு முழுக்க ரப்பர்ச் செருப்பின் அடிப்பாகம், வயிற்றுக்கு நீலப் புட்டிகள், கண்ணுக்கு இரண்டு மிதவை, முன் துடுப்புக்கு மூன்று மூன்று ஆரஞ்சுக் குழாய், பின்னுக்கு இரண்டிரண்டு, கழுத்துக்கு ஒன்று.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருந்தது. ரிப்பன் வெட்டுவது எல்லாரும் செய்வது என்று, ஹஸ்னா ஒரு கயிறு வைத்திருந்தாள். விழாவுக்கு வருகிற அதிகாரி அந்தக் கயிற்றை இழுத்தால் ஆமை துடுப்பை அடித்துத் தலையைத் தூக்கும். போன வாரம் இழுத்துப் பார்த்தபோது குழாயில் சுற்றிய கயிறு நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. நேற்றுச் சாயங்காலம்தான் ஒரு குழாயின் திருகு மூடி தற்செயலாகக் கழன்று உள்ளே வளையம் இருப்பதைக் கண்டுபிடித்தாள். "பாருங்கக்கா, கயிறு மாட்டுறதுக்குன்னே கோத்து வச்சிருக்கான் மகராசன்" என்று குதித்தாள். பதினொரு மூடியையும் கழற்றி, பதினொரு வளையத்திலும் கயிற்றைக் கட்டி முடித்தாள். மறுபடி இழுத்துப் பார்க்க நேரமில்லை, காலையில் லாரி வந்துவிட்டது.

அய்யம்மாள் எழுந்தாள். பக்கத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, குழாயை உள்ளே வைத்து மூடினாள். கட்டிலில் படுத்திருந்த புருஷன் வெள்ளைத்துரையை எழுப்பி, "மணல்கிட்ட பீடியோட போனீகன்னா அம்புட்டுத்தான், பாத்துக்கோங்க" என்றாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்னடி, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. மூன்று வருஷத்துக்கு முன், தீபாவளி சீசன் உச்சத்தில், மருந்துத் தட்டு ஒன்று சுடுகிற வாடை அடித்ததாக அய்யம்மாளுக்குத் தோன்றியது. அலுமினியம் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானே சூடேறித் தானே பற்றும். அவள் யோசிக்கவில்லை. "ஓடுங்கடி!" என்று அலறினாள். நாற்பது பொம்பளைகள் ஓடினார்கள். கூட வேலை பார்த்த குருவம்மாள் வாசல்படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். மேலே நாலுபேர் மிதித்தார்கள். தட்டு பற்றவே இல்லை. ஒரு மண்ணும் நடக்கவில்லை. அன்றைக்குக் கலந்த மருந்து முழுவதையும் அழிக்க வேண்டியதாகி, லோடு நின்று, அய்யம்மாளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். குருவம்மாளின் கை இன்றைக்கும் நேராக நீளாது. ஊரில் அய்யம்மாளுக்கு அதன்பிறகு பேரே மாறிப்போனது. சின்னப் பிள்ளைகள்கூடத் தெருவில் பார்த்தால் "ஏலே, ஓடுங்கடி வருது" என்று சிரிக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பெரியவர்கள் நாசூக்காகச் சொல்வார்கள். இனி எவள் செத்தாலும் வாயைத் திறக்கமாட்டேன் என்று அவள் சத்தியம் பண்ணியிருந்தாள். பண்ணி என்ன, கால் அதுபாட்டுக்குப் பஸ்ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தது.

சிவகாசி பஸ்ஸ்டாண்டில் ஒற்றை ரூபாய் போன் பெட்டி. ஃபரீத்தின் செல் நம்பர் மனப்பாடம். நாலாவது மணியில் எடுத்தான். பின்னால் மைக் சோதிக்கிற சத்தம்.

"பாய், நான் அய்யம்மா பேசுதேன். ஆமைல இருக்க குழாய்க்குள்ள மருந்து இருக்கு. யாரும் கயித்த இழுக்கக் கூடாது. ஹஸ்னாம்மாகிட்டச் சொல்லுங்க."

"என்ன மருந்து?"

"வெடி மருந்து பாய். கப்பல் மத்தாப்பு அது. நான் ஒண்ணத் தொறந்து பாத்துட்டேன்."

 ஃபரீத் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை, பாவம் என்கிற சிரிப்பு. அதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

"அக்கா, நீங்கதான குலுக்கிப் பாத்துக் குடுத்தீக? கடல்ல எம்புட்டு நாள் ஊறுனதோ, அது இனிமே எங்க பத்தும்? வாப்பா இப்பத்தான் வந்து உக்காந்திருக்காக. அவ காலைல இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. போட்டுக் கொழப்பாதீக, வைங்க."

வைத்துவிட்டான். மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அணைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. போலீசுக்குப் போடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வெடி என்று சொன்னால் பூட்ஸ் காலோடு நூறு பேர் உள்ளே வருவார்கள், யாராவது ஒருத்தன் கத்துவான், மண்டபத்துக்கு ஒரே ஒரு வாசல். குருவம்மாள் விழுந்த படி அவள் கண்ணுக்குள் வந்தது. ஆமையைத் தூக்கு, இழு என்று யாராவது கைவைத்தாலும் அதே கதைதான். வேண்டாம், நேரில் போய் ஹஸ்னாவின் காதில் சொல்ல வேண்டும் என்று விருதுநகர் பஸ்ஸில் ஏறினாள்.

திருத்தங்கல் கேட் மூடிக் கிடந்தது. சரக்கு ரயில். ஒவ்வொரு பெட்டியாக எண்ணினாள், நாற்பதுக்குமேல் எண்ண முடியவில்லை. டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனார். "கொஞ்சம் வெரசாப் போக முடியாதாய்யா?" என்று கண்டக்டரிடம் கேட்டாள். "ரயிலத் தூக்கி ஓரமா வச்சிட்டுப் போவமா?" என்றான் அவன். பஸ்ஸில் நாலுபேர் சிரித்தார்கள். அவளுக்கு விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடலில் ஊறியது பற்றாது என்று ஃபரீத் சொன்னானே, அது நிஜமாகவே இருந்துவிட்டால்? பதினொன்றும் சவமாகப் போயிருந்தால்? இவள் போய் நின்று விழாவைக் கெடுத்து, மாமனார் முன்னால் ஹஸ்னாவின் தலையைக் குனிய வைத்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆனால்? குடோன் வேலையும் போகும். போனால் போகட்டும், அது ஒரு பொருட்டில்லை. மூன்று வருஷத்தில் அவள் பேச்சை நம்பிக் கேட்ட ஒரே ஆள் ஹஸ்னாதான். அந்த முகத்தில் தன்னைப் பார்த்து அந்தச் சிரிப்பு வந்துவிடுமே என்று நினைத்தபோது, இறங்கித் திரும்பிப் போய்விடலாம் என்றுகூட இருந்தது. மனுஷ மனசுதானே. ரயில் போய்க் கேட் திறந்ததும், அவள் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

விருதுநகரில் இறங்கி ஆட்டோ பிடித்தபோது பத்துக்கு ஐந்து நிமிஷம். சூலக்கரை மண்டபத்து வாசலில் 'மகளிர் குழுக் கண்காட்சி 2007' என்று துணிப் பலகை. அதற்கு வெகு தள்ளி, ரோட்டோரம், ஐயாயிரம் வாலாச் சரத்தை நீட்டி விரித்து ஒருத்தன் கையில் பத்தியோடு காத்திருந்தான். சிறப்பு விருந்தினர் ஆமையைத் திறந்து வைத்ததும் கொளுத்துவதற்கு ஃபரீத் ஏற்பாடு செய்தது. நம்ம ஊரில் வெடியில்லாமல் எந்த நல்ல காரியம் நடந்தது? உள்ளே ஒரே நிறத்தில் சேலை கட்டிய குழுப் பெண்கள், ஊறுகாய் பாட்டில்கள், பனையோலைப் பெட்டிகள், பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாக அழைத்துவந்த பிள்ளைகள். முந்நூறு பேர் இருக்கும். மேடைக்குக் கீழே நட்டநடுவில் ஆமை.

அது முழுசாக எழுந்து நிற்பதை அய்யம்மாள் இப்போதுதான் பார்த்தாள். உத்தரத்துக் கொக்கியிலிருந்து இறங்கிய கயிற்றில் தலை தொங்கி, துடுப்பு நாலும் தாழ்ந்து, அலைக்காகக் காத்திருப்பது மாதிரி இருந்தது. கீழே இருந்து இரண்டு பெரிய விளக்குகள் அதன் வயிற்றில் ஒளியடித்தன. நீலப் புட்டிகளுக்குள் வெளிச்சம் போய் தண்ணீராய் ஆடியது. பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள். முன்வரிசையில் அசன் முகம்மது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எம்புட்டு அழகாய்ச் செய்துவிட்டாள் பாவி மகள் என்று அய்யம்மாளுக்கு அழுகை முட்டியது. விளக்குச் சூடு குழாயில் ஏறிக்கொண்டிருப்பதும் அதே கண்ணில்தான் பட்டது.

ஹஸ்னா கயிற்று நுனியில் மல்லிகைச் சரம் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். பக்கத்தில் திட்ட அதிகாரி அம்மாள், மைக்கில் பேசி முடித்துவிட்டு அவளைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தார்.

கத்தினால் கேட்கும். ஒரு வார்த்தை போதும். அய்யம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் தோளை விட்டுப் புகுந்தாள். "ஏம்மா, வரிசையில வா" என்று ஒருத்தி இழுத்தாள். உதறிவிட்டுப் போனாள். அதிகாரி கையை நீட்டியபோது ஹஸ்னாவின் முழங்கையைப் பிடித்துவிட்டாள்.

"அக்கா! வந்துட்டீகளா!" ஹஸ்னாவுக்கு முகமெல்லாம் பல்.

"தாயி, சிரிச்ச முகமா இருங்க. நான் சொல்றதக் கேட்டு முகத்த மாத்தாதீக" என்று அய்யம்மாள் காதோரம் குனிந்தாள். "குழாய்க்குள்ள மருந்து இருக்கு. வளையத்த இழுத்தாப் பத்தும். என் வீட்டுல இருந்தத இப்பத்தான் தொறந்து பாத்தேன். நாந்தான் தப்பாக் குடுத்துட்டேன். கயித்த மட்டும் குடுத்துறாதீக."

ஹஸ்னா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் விரலைப் பார்த்தாள். வெள்ளி இன்னும் போகவில்லை. பார்த்த நேரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குள் அய்யம்மாள் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

சிரிப்பு வரவில்லை. ஹஸ்னா கயிற்றை இழுபடாமல் தொய்வாகவே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "மேடம், மன்னிச்சுக்கோங்க. கயிறு அறுந்துரும்போல இருக்கு. ஒரு பத்து நிமிசம் குடுங்க" என்றாள்.  அதிகாரியின் முகம் சுருங்கியது. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அசன் முகம்மது முன்வரிசையில் எழுந்து நின்றார். ஃபரீத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அய்யம்மாளைப் பார்த்ததும் அவனுக்குச் சங்கதி விளங்கிவிட்டது, முகம் கறுத்தது.

"அந்தம்மா பேச்சக் கேட்டா..." என்று ஆரம்பித்தான்.

"மச்சான்." ஹஸ்னா அவனை அப்படி ஒரு குரலில் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை. "எல்லாரும் வெளிய போகணும். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

 அய்யம்மாள்தான் சொன்னாள். "வெடி போடச் சொல்லுங்க பாய். சரத்த இப்பவே கொளுத்தச் சொல்லுங்க. மேடம் கையால கொளுத்துறாகன்னு மைக்குல சொன்னீகன்னா ஒரு பிள்ள உள்ள நிக்காது. ரோட்டோரம்தான, தூரம் இருக்கு."

அது அப்படியே நடந்தது. விருந்தினர் கையால் வெடி என்று மைக்கில் சொன்னதும் பிள்ளைகள் முதலில் பாய்ந்தன. பின்னால் டீச்சர்கள், பின்னால் குழுப் பெண்கள். சேலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி போனார்கள், யாரும் யாரையும் மிதிக்கவில்லை. அதிகாரி அம்மாளைக் கூட்டமே கொண்டுபோனது. கடைசியாக அசன் முகம்மது, ஆமையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வெளியேறினார். ஃபரீத் விளக்குகளின் வயரைப் பிடுங்கினான். நீலத் தண்ணீர் அணைந்து, வெறும் புட்டிகள் மிஞ்சின.

"தீயணைப்புக்குச் சொல்லிட்டு நாமளும் போயிருவோம்" என்றான் ஃபரீத்.

"வந்து தண்ணியத்தான் அடிப்பாக. ஈரம் பட்டா இந்த மருந்து இன்னும் மோசம்" என்றாள் அய்யம்மாள். "மணல் கொண்டாரச் சொல்லுங்க. வாளி வாளியா மணல்."

ஃபரீத் செல்லை எடுத்தபோதுதான் ஹஸ்னா அண்ணாந்து பார்த்தாள். அவள் அதிகாரியிடம் சொன்னது பொய். ஆனால் கொக்கியில் வளைந்து கிடந்த இடத்தில், தலையைத் தாங்கியிருந்த கயிறு நிஜமாகவே பிரிந்துகொண்டிருந்தது. கடலிலும் வெயிலிலும் இத்துப்போன வலைக்கயிறு. மூன்று புரியில் ஒன்று ஏற்கெனவே விட்டுப் போய்ப் பஞ்சாகத் தொங்கியது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலை அரை விரல் அளவு கீழே இறங்கியது.

"தலை விழுந்தா என்னாகும் தாயி?"

"இழுக்கிற கயிறும் கூடவே இறங்கும். கழுத்துக் குழாயோட வளையந்தான் மொத முடிச்சு" என்றாள் ஹஸ்னா. "அது இழுபட்டா எல்லாமே இழுபடும்."

அய்யம்மாள் போய் ஆமைக்கு முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையை ஏந்திக்கொண்டாள். ரப்பரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து பதினைந்து கிலோவாவது இருக்கும். தொங்கியிருந்த கயிறு லேசாகத் தொய்ந்தது. வெளியே சரம் வெடிக்கத் தொடங்கியது. சுவரெல்லாம் அதிர்ந்தது. பத்து வருஷம் அதே சத்தத்துக்குச் சோறு தின்றவளுக்கு இன்றைக்கு ஒவ்வொரு வெடியும் முதுகுத்தண்டில் விழுந்தது.

ஃபரீத் மனைவியின் தோளைத் தொட்டான். "வா ஹஸ்னா. என்ன ஆனாலும் ஆகட்டும், ஒரு பொம்மைதான."

"நான் கட்டினது. எந்த முடிச்சு எங்கன இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். கத்தி வச்சா கயிறு இழுபடும், கையாலதான் அவிழ்க்கணும். நீங்க கதவச் சாத்திட்டு அங்கன நில்லுங்க, பிள்ளைக திரும்ப வந்துரும்."

 அவன் செல்லில் மணலுக்குச் சொல்லிக்கொண்டே போய், கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். வெளியே போகவில்லை. சரிதான், ஆம்பளைதான் என்று அய்யம்மாள் நினைத்துக்கொண்டாள்.

ஹஸ்னா கயிற்று நுனியை மெல்லத் தரையில் வைத்துவிட்டு, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆமையின் கழுத்துக்கடியில் படுத்தாள். உப்பு ஏறி இறுகிய முடிச்சு. நகம் நுழையவில்லை. நேற்று அவளே பல்லால் கடித்து இறுக்கியது. இப்போது அதே பல்லால் கடித்துத் தளர்த்தப் பார்த்தாள். அவள் கன்னம் குழாயோடு ஒட்டியிருந்தது. கையில் பிடித்திருந்த வளையம் அசையாமல் இருக்க, அவள் மூச்சைக்கூட அளந்துதான் விட்டாள்.

அய்யம்மாளின் தோள் நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கத்துக்கு நடுவில் அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. ஒன்றே ஒன்று, ஓரத்துக் குழாய் ஒன்று மட்டும் பற்றினால் போதும், அய்யம்மாள் சொன்னது நிஜம் என்று ஊரே பார்க்கும். வந்த வேகத்திலேயே அவளுக்கு உடம்பு கூசியது. கீழே பிள்ளை படுத்திருக்கிறாள், நீ என்ன நினைக்கிறாய் சண்டாளி என்று தன்னையே வைதாள். ஆனாலும் அந்த நினைப்பு முழுசாகப் போகவில்லை. ஓரமாக உட்கார்ந்தே இருந்தது.

மேலே இரண்டாவது புரி விட்டது. கயிற்றில் மெல்லிய அதிர்வு ஓடி நின்றது. முழுக் கனமும் இப்போது அவள் கையில்.

"அக்கா." ஹஸ்னா முடிச்சிலிருந்து வாயை எடுத்தாள். உதட்டில் ரத்தம். "நேரமாகும்போல. நீங்க போயிருங்க. உங்களுக்கு எதுக்கு?"

"போனா தலைய யாரு பிடிப்பா?"

ஹஸ்னா அவளைப் பார்த்தாள். மறுபடி முடிச்சில் வாயை வைத்தாள்.

வெளியே வெடிச் சத்தம் குறைந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகி, ஓய்ந்தது. கைதட்டல் கேட்டது. பிறகு சிமெண்டுத் தரையில் சின்னச் சின்னச் செருப்புகள் ஓடிவருகிற சத்தம். கதவைத் தட்டினார்கள். ஃபரீத் காலை ஊன்றி முதுகால் கதவை அழுத்திக்கொண்டு, "இருங்க கண்ணுகளா, இருங்க, ஆமை இன்னும் முழிக்கல" என்றான்.  பிள்ளைகள் கதவுக்கப்பால் சிரித்தார்கள். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அய்யம்மாள் கையை இன்னும் கொஞ்சம் விரித்தாள். ஒரு உள்ளங்கை பிடரிக்கடியில், ஒரு உள்ளங்கை தாடைக்கடியில். கழுத்து நிற்காத பச்சைப் பிள்ளையைத் தண்ணீர் ஊற்றும்போது இப்படித்தான் பிடிப்பார்கள். மிதவைக் கண் இரண்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கையடியில், ஹஸ்னாவின் பல் அசைகிற ஒவ்வொரு முறையும், அந்த ஈரக்கயிறு ஒரு நெல் அளவு தளர்வதும் மறுபடி இறுகுவதும் அவள் விரல் நுனிக்குத் தெரிந்துகொண்டிருந்தது.